தட்டு அமிழ்ந்தால் எரிமலைக் குழம்பில் என்ன மாறும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலம், நாமக்கல், காங்கேயம் பக்கம் பாறை பார்க்க ஆட்களைக் கூட்டிக்கொண்டு போவது என் ஞாயிற்றுக்கிழமை வேலை. போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள், பள்ளி ஆசிரியர்கள், கல்குவாரியில் கணக்கு பார்க்கிறவர், நிலவியல் மாணவர்கள் என்று கலந்துதான் வருவார்கள். நம்மூர்ப் பாறையில் தொடங்கும் பேச்சு எப்படியோ எரிமலையில் போய் நிற்கும். சந்தேகங்களும் பெரும்பாலும் அதேதான். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்வியை எழுதி, கீழே பதில் போட்டிருக்கிறேன். விஷயம் தெரிந்தவர்கள் முதல் மூன்றைத் தாண்டிப் போகலாம்.

1. ஏனுங்க, கடல் தட்டு கீழ போயி உருகித்தான எரிமலையா வருது?

இல்லைங்க. பாடப் புத்தகப் படத்தில் சரிந்து போகும் தட்டின் நுனிக்குச் சிவப்பு அடித்து, அங்கிருந்து மேலே ஒரு குழாய் போட்டிருப்பார்கள். அந்தப் படத்தை மனசிலிருந்து எடுக்கவே பாதி நேரம் போய்விடுகிறது. கடல் தட்டு பல கோடி வருடம் கடலடியில் கிடந்து ஆறிப்போன பாறை. வருடத்துக்குச் சில சென்டிமீட்டர் வேகத்தில் அகழி என்ற ஆழ்கடல் பள்ளத்தின் வழியாகக் கீழே இறங்கும்போதும், சுற்றியுள்ள கவசத்தைவிட (மேலோட்டுக்குக் கீழே இருக்கும் சூடான பாறை அடுக்கு) அது குளிர்ச்சியாகவே இருக்கிறது.

உருகுவது தட்டுக்கு மேலே ஆப்பு மாதிரி மாட்டிக்கொண்டிருக்கும் கவசப் பாறை. அதற்குப் பெரிடோடைட் என்று பெயர். தட்டு அதற்குக் கொடுப்பது தண்ணீர். கூடவே அந்தத் தண்ணீர் கரைத்து எடுத்துவரும் தனிமங்கள். இந்தப் பக்கத்தில் இருக்கிற மீதி எல்லாம் இதிலிருந்துதான் கிளைக்கிறது. விதிவிலக்கு ஒன்று உண்டு, அது 10-ஆவது கேள்வியில் வருகிறது.

2. தண்ணி ஊத்துனா அடுப்பே அணையுது. பாறை எப்படிங்க உருகும்?

ஒரு பொருள் உருக அதன் சூடு ஏறியே ஆக வேண்டும் என்பதில்லை. உருகும் வெப்பநிலை இறங்கி வந்தாலும் போதும். சுமார் 100 கி.மீ. ஆழத்தில் காய்ந்த பெரிடோடைட் உருகத் தொடங்க 1,400 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேண்டும். அதே பாறையில் தண்ணீர் சேர்ந்துவிட்டால் பல நூறு டிகிரி குறைவிலேயே உருகத் தொடங்கிவிடும். அங்கே ஏற்கெனவே இருக்கிற சூடே அதற்குப் போதும்.

பாறையின் கட்டுமானமே சிலிக்கானும் ஆக்சிஜனும் மாறி மாறிக் கோத்த சங்கிலிதான். தண்ணீர் அந்தக் கண்ணிகளை வெட்டி விடுகிறது. இன்னொன்று, அந்த அழுத்தத்தில் தண்ணீர் நாம் பார்க்கிற ஆவியாக இருக்காது. அடர்ந்த ஒரு திரவமாக, குழம்புக்குள் தாராளமாகக் கரையக்கூடியதாக இருக்கும்.

3. கடல் தண்ணி அத்தன ஆழத்துக்கு எப்படிங்க போகும்? கீழ ஓட்டையா இருக்குது?

ஓட்டை வழியாக ஓடுவதில்லை. வண்டல் இடுக்கில் தேங்கியிருக்கும் தண்ணீரை முதல் சில கிலோமீட்டரிலேயே அழுத்தம் பிழிந்து வெளியேற்றிவிடும். ஆழம் வரை போவது கனிமத்தின் உடம்புக்குள்ளேயே கட்டுண்ட தண்ணீர். நடுக்கடல் முகடு என்ற கடலடி மலைத்தொடரில் தட்டு புதிதாகப் பிறக்கும்போதே வெடிப்புகளில் கடல்நீர் புகுந்து சூடாகிச் சுற்றி வருகிறது. அப்போது பசால்ட் என்ற கரிய எரிமலைப் பாறையின் கனிமங்களில் ஒரு பகுதி குளோரைட், ஆம்பிபோல் போன்ற நீர்க்கனிமங்களாக மாறிவிடும். அகழிக்கு முன்னால் தட்டு வளைகிற இடத்தில் மறுபடி வெடிப்பு விழும். அங்கே தண்ணீர் இன்னும் கீழே, தட்டின் கவசப் பகுதி வரைக்கும் போய்ச் செர்பென்டைன் என்ற கனிமத்தை உண்டாக்கும். செர்பென்டைனின் எடையில் ஏறக்குறைய 13 சதவீதம் தண்ணீர்.

இறங்க இறங்கச் சூடும் அழுத்தமும் கூடி, ஒவ்வொரு கனிமமும் தன் எல்லை வந்ததும் சிதைந்து தண்ணீரை விடுகிறது. சிலது சீக்கிரம் விட்டுவிடும். லாசோனைட், செர்பென்டைன் மாதிரி சிலது ஆழம் வரை பிடித்துக்கொண்டு போகும். கடைசியில் பசால்ட், எக்ளோஜைட் என்ற கனமான வறண்ட பாறையாகிறது. எரிமலை வரிசை பெரும்பாலும் தட்டு சுமார் 100 கி.மீ. ஆழத்தில் இருக்கும் இடத்துக்கு நேர் மேலே அமைகிறது. உலக வரைபடத்தில் அந்த வரிசை வில்லாக வளைந்து தெரிவதால்தான் எரிமலை வில் என்கிறோம்.

4. வெறுந்தண்ணி மட்டுந்தான் மேல வருதுங்களா?

இல்லை, இங்கேதான் வேதியியல் ஆரம்பிக்கிறது. திருப்பூர்ச் சாயப்பட்டறையில் துணியை அலசும்போது ஒட்டாத சாயம் தண்ணீரோடு போய்விடும், இழையில் பிடித்த சாயம் நிற்கும். அலசின தண்ணீரின் நிறத்தை வைத்தே உள்ளே எந்தத் துணி கிடந்தது என்று பட்டறைக்காரர் சொல்லிவிடுவார். தட்டிலிருந்து கிளம்பும் திரவமும் அப்படிப்பட்ட அலசல் தண்ணீர்தான்.

பேரியம், ருபிடியம், சீசியம், பொட்டாசியம், ஸ்ட்ரான்சியம், ஈயம், யுரேனியம், போரான் இவையெல்லாம் சுலபமாகக் கரைந்து தண்ணீரோடு கிளம்பிவிடும். நியோபியம், டான்டலம், டைட்டேனியம், சிர்க்கோனியம் இவை அசையாது. முக்கியமாக நியோபியத்தையும் டான்டலத்தையும் ரூட்டைல் என்ற டைட்டேனியக் கனிமம் தட்டுக்குள்ளேயே இறுகப் பிடித்துக்கொள்கிறது. அதனால் எரிமலை வில்லின் பாறையைச் சோதித்தால் பேரியமும் ஈயமும் தூக்கலாகவும், நியோபியமும் டான்டலமும் பள்ளமாகவும் வரும். நடுக்கடல் முகட்டுப் பசால்ட்டில் இந்த மேடுபள்ளம் இருக்காது.

மூன்றாவது ஒரு கூட்டம் இருக்கிறது. தோரியமும் லாந்தனம், செரியம் போன்ற இலேசான அருமண் தனிமங்களும் வெறுந்தண்ணீரில் அவ்வளவாக வராது. தட்டின் மேல் படிந்த வண்டல் கொஞ்சம் உருகினால்தான் கிளம்பும். ஆகவே பேரியத்துக்கும் தோரியத்துக்கும் உள்ள விகிதம் கூடுதலாக இருந்தால் தண்ணீரின் கை ஓங்கியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். தோரியத்துக்கும் நியோபியத்துக்கும் உள்ள விகிதம் கூடுதலாக இருந்தால் வண்டலின் கை.

5. கடலடி மண்ணு எரிமலைல வந்துச்சுன்னு எப்படிங்க அடிச்சுச் சொல்றீங்க? யாராச்சும் பாத்தாங்களா?

பார்க்க முடியாது, ஆனால் கையெழுத்து ஒன்று இருக்கிறது. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த ஆதாரம் பெரிலியம்-10. விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜன், ஆக்சிஜன் அணுக்களில் மோதும்போது இது உண்டாகிறது. மழையோடு இறங்கிக் கடலடிக் களிமண்ணில் ஒட்டிக்கொள்கிறது. கதிரியக்கத் தனிமம், அரைவாழ்வு சுமார் 14 லட்சம் வருடம். ஒரு கோடி வருடம் போனால் நூற்றில் ஒரு பங்குகூட மிஞ்சாது. அதனால் பூமியின் ஆழத்தில் பழைய பெரிலியம்-10 இருக்க வழியே இல்லை. காங்கேயம் பக்கம் படியூரில் ஒருகாலத்தில் தோண்டிய நீலப்பச்சைப் பெரில் கல்லிலும் பெரிலியம்தான் இருக்கிறது. ஆனால் அது சிதையாத பெரிலியம்-9. குழப்பிக்கொள்ள வேண்டாம்.

1980-களில் எரிமலை வில்களின் புத்தம்புது லாவாவைச் சோதித்தபோது சிலவற்றில் பெரிலியம்-10 கிடைத்தது. நிகரகுவா எரிமலைகளில் நிறையவே இருந்தது. நடுக்கடல் முகட்டு லாவாவிலும் ஹவாய் மாதிரி இடங்களிலும் இல்லை. ஆக, கடலடியின் மேல்மண், அதுவும் அண்மையில் படிந்த மண், அகழி வழியாகக் கீழே போய்க் குழம்போடு திரும்பி வந்திருக்கிறது. கணக்கும் ஒத்துப்போகிறது: வருடத்துக்கு 8 செ.மீ. என்றால் பத்து லட்சம் வருடத்தில் 80 கி.மீ. பெரிலியம்-10 முழுதாக அழிவதற்குள் போய்ச் சேர்ந்துவிடலாம்.

பக்கத்து நாடான கோஸ்டாரிகாவில் இது மிகக் குறைவு. அங்கே மேல்வண்டல் ஆழத்துக்குப் போகாமல் அகழியிலேயே ஒதுங்கியிருக்கலாம், அல்லது மேல்தட்டிலிருந்து அரித்த பழைய பாறை கலந்து அதை நீர்க்க வைத்திருக்கலாம். இரண்டுக்கும் ஆதரவாளர்கள் இருக்கிறார்கள்.

6. தண்ணி தட்ட விட்டுக் கிளம்பி எரிமலையா வர எத்தன வருசமாகும்?

ரேடியம்-226-இன் அரைவாழ்வு 1,600 வருடம். தண்ணீர் ரேடியத்தைக் கரைத்து எடுத்துக்கொள்ளும், அதன் தாயான தோரியம்-230-ஐ விட்டுவிடும். தாயின் அளவுக்கு மேல் ரேடியம் இருக்கும் அந்தச் சமநிலைக் குலைவு எட்டாயிரம் வருடத்தில் ஏறக்குறைய மறைந்துவிட வேண்டும். ஆனால் டோங்கா தீவுகளின் லாவாவில் ரேடியம் இன்னமும் மிகையாக இருக்கிறது. அப்படியானால் திரவம் சில ஆயிரம் வருடத்திலேயே மேலே வந்திருக்க வேண்டும். நிலவியலில் இது கண்ணிமைக்கும் நேரம். ரேடியம் மிகை மேலோட்டுக்குள் நடந்த வேறு வேலையால் வந்தது என்று வாதிடுகிறவர்களும் உண்டு.

7. ஹவாய்ல குழம்பு ஆறு மாதிரி ஓடுது, இந்தோனேசியால மட்டும் ஏனுங்க வெடிக்குது?

அதே தண்ணீர்தான் காரணம். எரிமலை வில்லில் கவசத்திலிருந்து கிளம்பும் பசால்ட் குழம்பில் எடைக்கு 2 முதல் 6 சதவீதம் தண்ணீர் இருக்கும். சராசரி 4-ஐ ஒட்டி வரும். நடுக்கடல் முகட்டில் பெரும்பாலும் அரை சதவீதம்கூட இருக்காது. ஹவாயிலும் ஒரு சதவீதத்துக்குள்தான். ஆழத்தில் கரைந்திருக்கும் தண்ணீர், குழம்பு மேலே வந்து அழுத்தம் குறைந்ததும் ஆவியாகிப் பல மடங்கு உப்பும். குழம்பில் சிலிக்கா கூடி அது கெட்டியாகவும் இருந்தால் ஆவி வெளியேற வழியில்லாமல் வெடிப்பில் முடிகிறது. 1883-இல் கிரகடோவா, 1991-இல் பிலிப்பைன்சின் பினாட்டுபோ எல்லாம் இந்த வகை. பினாட்டுபோ ஒன்றரை முதல் இரண்டு கோடி டன் சல்பர் டை ஆக்சைடைக் கக்கியதில் உலகச் சராசரி வெப்பநிலை சுமார் அரை டிகிரி இறங்கியது.

8. ஆண்டிசைட்டுன்னா எரிமலை வில்லுன்னு மனப்பாடம் பண்ணிட்டேன். ஏன்னு மட்டும் சொல்லுங்கண்ணா, பரீட்சைல கேக்கறாங்க.

ஆண்டிசைட் என்பது பசால்ட்டைவிடச் சிலிக்கா கூடுதலான எரிமலைப் பாறை. கவசம் உருகி வருவது பெரும்பாலும் பசால்ட்தான். அது வழியில் தங்கி ஆறும்போது எந்தப் படிகம் முதலில் பிரிகிறது என்பதைப் பொறுத்து மீதிக் குழம்பு மாறுகிறது. வறண்ட குழம்பில் பிளாஜியோகிளேஸ் பெல்ஸ்பார் சீக்கிரம் படிகமாகும். அதில் இரும்பு கிட்டத்தட்ட இல்லாததால், மீதிக் குழம்பில் இரும்பு ஏறிக்கொண்டே போகும். இது தோலியைட் வழி.

தண்ணீர் நிறைந்த குழம்பில் பிளாஜியோகிளேஸ் தாமதமாகும். ஆக்சிஜனேற்றம் கூடுதலாக இருப்பதால் மேக்னடைட் என்ற இரும்புக் கனிமம் முன்கூட்டியே பிரியும், ஆம்பிபோலும் சேரும். இவை இரும்பை எடுத்துக்கொண்டு போய்விட, சிலிக்கா ஏறுகிறது. குழம்பு ஆண்டிசைட் பக்கம் நகர்கிறது. இது கால்க்-ஆல்கலைன் வழி. மேலோட்டுப் பாறை கரைந்து கலப்பதும், இரண்டு குழம்புகள் கலப்பதும் இதோடு சேர்ந்துகொள்ளும். பரீட்சைக்கு இவ்வளவு போதும்.

9. நான் கோயமுத்தூர்ல மோட்டார் காயில் கட்டறவனுங்க. செம்புக்கும் எரிமலைக்கும் என்னங்க சம்பந்தம்?

விலைக்குச் சம்பந்தமில்லை, தாதுவுக்கு நிறைய உண்டு. நீங்கள் சுற்றுகிற கம்பியின் செம்பு பழைய எரிமலை வில்லின் அடிவயிற்றிலிருந்து வந்திருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. உலகில் அதிகம் செம்பு எடுக்கும் நாடு சிலி. அங்கே நாஸ்கா தட்டு தென்னமெரிக்காவுக்குக் கீழே போகிறது. சுக்கிகமாட்டா, எல் தெனியென்டே போன்ற பெரிய சுரங்கங்கள் எல்லாம் அந்த வில்லின் கீழே உறைந்த குழம்புகளோடு சேர்ந்தவை.

குழம்பில் ஆக்சிஜனேற்றம் குறைவாக இருந்தால் சல்பர் சல்பைடாகி, செம்பையும் இழுத்துக்கொண்டு ஆழத்திலேயே பிரிந்துவிடும். எரிமலை வில்லின் குழம்பில் சல்பர் பெரும்பகுதி சல்பேட்டாகக் கரைந்திருப்பதால் செம்பு குழம்போடு மேலே வருகிறது. பிறகு உப்புத்தன்மையுள்ள சூடான தண்ணீர் குழம்பிலிருந்து பிரியும்போது, அதிலுள்ள குளோரின் செம்பைப் பிடித்துக்கொண்டு போய்ப் பாறை வெடிப்புகளில் படிய வைக்கிறது. அந்த ஆக்சிஜனேற்றம் தட்டிலிருந்து வந்த திரவத்தாலா, மேலோட்டுக்குள் நடந்த படிகமாதலாலா என்பதில்தான் இன்னும் சண்டை ஓயவில்லை.

10. அப்போ தட்டு உருகவே உருகாதுங்களா?

உருகும், அது இளம் தட்டாக இருந்தால். பிறந்து சுமார் இரண்டரைக் கோடி வருடத்துக்குள் அகழிக்கு வந்துவிட்ட தட்டு இன்னும் சூடாகவே இருக்கும். அது இறங்கும்போது அதன் பசால்ட்டே உருகலாம். அப்போது மிச்சப் பாறையில் கார்னெட் இருக்கும், பிளாஜியோகிளேஸ் இருக்காது. கார்னெட் யிட்ரியத்தையும் யிட்டெர்பியத்தையும் பிடித்துக்கொள்ளும். பிளாஜியோகிளேஸ் இல்லாததால் ஸ்ட்ரான்சியம் முழுக்கக் குழம்புக்குப் போகும். அதனால் ஸ்ட்ரான்சியம்–யிட்ரியம் விகிதம் எகிறும். அலாஸ்காவின் அலூஷியன் தீவுகளில் அடாக் என்று ஒரு தீவு. அதை வைத்து இந்த வகைப் பாறைக்கு அடாகைட் என்று பெயர் வைத்தார்கள்.

ஆனால் அந்த விகிதத்தைப் பார்த்ததும் தட்டு உருகிவிட்டது என்று துள்ள வேண்டாம். தடித்த மேலோட்டின் அடிப்பகுதி உருகினாலும் இதே எண் வரும்.

11. ஒரே வில்லுல இருக்கற ரெண்டு எரிமலை ஏனுங்க வேற வேற மாதிரி இருக்குது?

அகழியிலிருந்து உள்ளே போகப் போகப் பொதுவாகப் பொட்டாசியம் கூடும், போரான் குறையும். போரான் சீக்கிரம் கழன்றுவிடும் தனிமம், ஆழமான தட்டில் மிச்சம் குறைவு. உள்ளே தண்ணீர் குறைவதால் பாறை உருகும் அளவும் குறையும். கொஞ்சமாக உருகினால் பொட்டாசியம் செறிவாக வரும். வண்டல் சுண்ணாம்பா களிமண்ணா, மேலோடு எவ்வளவு தடிமன் என்பதும் சேர்ந்துகொள்ளும்.

12. 2004 சுனாமி வந்ததும் இதே தட்டாலதானுங்க? நம்மளுதும் கீழ போயிருமா?

அதே அமிழ்வுதான். இந்தியத் தட்டின் கடல் பகுதி அந்தமான், சுமத்ரா ஓரத்தில் கீழே போகிறது. அங்கே பூட்டியிருந்த இடம் 26 டிசம்பர் 2004 அன்று விடுபட்டது. அதே அமிழ்வால்தான் அந்தமானில் பேரன் தீவு இருக்கிறது. இந்தியாவில் உயிரோடு உள்ள எரிமலை அது ஒன்றே. நெடுங்காலம் தூங்கி 1991-இல் மறுபடி விழித்தது. சுமத்ராவின் தோபா சுமார் 74,000 வருடத்துக்கு முன் வெடித்தபோது அதன் சாம்பல் ஆந்திராவின் ஜ்வாலாபுரம் வரை வந்து விழுந்தது.

நம் நிலம் கீழே போகாது. கண்ட மேலோடு இலேசானது, அமிழ மறுக்கும். காவிரி வண்டலும் அங்கே போகுமா என்று ஒருவர் கேட்டார். வங்கக் கடலடியில் கிடக்கும் பெருவண்டலில் பெரும்பங்கு கங்கையும் பிரம்மபுத்திராவும் இமயத்திலிருந்து கொண்டுவந்தது. அகழிக்குள் போவதும் அதில் ஒரு பகுதி.

13. சங்ககிரி, சென்னிமலை எல்லாம் பழைய எரிமலைன்னு வாட்ஸ்அப்ல வருதுங்களே?

கூம்பாகத் தெரிவதெல்லாம் எரிமலை இல்லைங்க. சங்ககிரியும் திருச்செங்கோடும் ஆழத்தில் உறைந்த கிரானைட். சுற்றியிருந்தது அரித்துப் போக, இவை நிற்கின்றன. தக்காணத்து லாவாவும் நம் பக்கம் வரவில்லை; அதுவும் அமிழ்வால் வந்ததில்லை, 6.6 கோடி வருடத்துக்கு முன் வேறு வழியில் வந்தது.

ஆனால் பழைய எரிமலை வில்லின் வேர் நம்மிடம் இருக்கிறது என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டி. அங்கே பெரும்பாலும் பிளாஜியோகிளேஸ் பெல்ஸ்பாரால் ஆன வெள்ளை அனார்த்தசைட் பாறையில் கரும்பச்சை ஹார்ன்பிளெண்டு திட்டுத்திட்டாக இருக்கும். இடையில் குரோமைட் கருப்புப் பட்டையாக ஓடும். வயது சுமார் 250 கோடி வருடம். சந்திரயான்-2 சோதனைக்கு நிலா மண் மாதிரி செய்ய இஸ்ரோ எடுத்துக்கொண்டது இந்தப் பாறையைத்தான். நிலாப் பாறையைப் போலவே இதன் பெல்ஸ்பாரிலும் கால்சியம் மிக அதிகம்.

இரண்டும் அந்த இடத்துக்கு வந்த வழி வேறு என்பதுதான் சுவை. நிலாவில் சோடியமே குறைவு, அதனால் பெல்ஸ்பாரில் கால்சியம் நிறைந்தது. இங்கே குழம்பில் தண்ணீர் கூடுதல். 8-ஆவது பதிலில் சொன்னபடி தண்ணீர் பிளாஜியோகிளேஸைத் தாமதப்படுத்தும். வருகிற படிகத்தையும் கால்சியம் பக்கம் தள்ளும். கூடவே இருக்கும் ஹார்ன்பிளெண்டு நீர்க்கனிமம். அதில் ஒரு பகுதி பிறகு நடந்த உருமாற்றத்தில் வந்திருந்தாலும், தண்ணீர் நிறைந்த குழம்பு என்ற முடிவுக்கு இரண்டும் ஒத்துப்போகின்றன. சித்தம்பூண்டிக்குப் போகிறவர்கள் வெள்ளையை மட்டும் படம் எடுக்காமல் அந்தப் பச்சையையும் லென்ஸ் வைத்துப் பாருங்கள்.

14. எங்க போர்வெல் தண்ணில ஃபுளோரைடு வருதுங்க. இந்தப் பழைய எரிமலைதான் காரணமுங்களா?

இல்லைங்க. பயோடைட், ஹார்ன்பிளெண்டு, அபடைட் போன்ற கனிமங்கள் இப்போது நிலத்தடி நீரில் சிதைவதால் வருவது. தண்ணீரைச் சோதித்துப் பார்த்து முடிவு செய்யுங்கள், எரிமலையை விட்டுவிடுங்கள்.

15. எம்.எஸ்சி. புராஜெக்டுக்கு நீலகிரி சார்னோகைட் எடுத்தேங்கண்ணா. நியோபியம் கம்மியா வந்துச்சு. அமிழ்வு மண்டலம்னு எழுதிக்கலாமுங்களா?

அவசரப்படாதீங்க. கண்ட மேலோட்டின் சராசரிப் பாறையிலேயே நியோபியம் பள்ளமாகத்தான் இருக்கும். எந்தக் குழம்பு மேலோட்டைக் கரைத்துக்கொண்டாலும் அந்தப் பள்ளம் ஒட்டிக்கொள்ளும். அமிழ்வோடு தொடர்பில்லாத தக்காணத்திலேயே புஷே என்ற அடுக்கின் லாவாவில் மேலோட்டுக் கலப்பு அப்படித் தெரிகிறது.

அடுத்தது, சார்னோகைட் ஆழத்தில் கடுஞ்சூட்டில் வெந்த பாறை. அந்தச் சூட்டில் ருபிடியம், சீசியம், யுரேனியம் எல்லாம் பாறையை விட்டுப் போயிருக்கலாம். 4-ஆவது பதிலில் தண்ணீரோடு கிளம்பும் என்று சொன்ன கூட்டம் இங்கே சாட்சியாக நிற்க முடியாது. அசையாத கூட்டத்தை மட்டும் நம்புங்கள். தோரியம்–யிட்டெர்பியம் விகிதத்தை நியோபியம்–யிட்டெர்பியம் விகிதத்துக்கு எதிராகப் போட்டுப் பாருங்கள். தோரியமும் ஓடியிருக்கலாம் என்பதால், அதற்குப் பதில் லாந்தனத்தை வைத்தும் ஒருமுறை போடுங்கள். நியோடிமியம் ஐசோடோப்பு கிடைத்தால் மேலோட்டுக் கலப்பைப் பிரித்தறிய உதவும்.

250 கோடி வருடத்துக்கு முன் தட்டுகள் இன்றுபோலவே அமிழ்ந்தனவா என்பதே விவாதத்தில் இருக்கிறது. அன்று கவசம் இன்னும் சூடு. 10-இல் சொன்ன தட்டு உருகல் அப்போது சாதாரணமாக நடந்திருக்கலாம். ஆகவே அறிக்கையில் "அமிழ்வு மண்டலத்தில் உருவானது" என்று எழுதாமல் "அமிழ்வு மண்டலக் குழம்போடு ஒத்துப்போகிறது" என்று எழுதுங்கள். மேலோட்டுக் கலப்பை ஏன் ஒதுக்கினீர்கள் என்று ஒரு பத்தி சேருங்கள். வைவாவில் முதல் கேள்வியே அங்கிருந்துதான் வரும்.